சுமைகூலி முக்கால் பணம்

"முதல்ல சின்னதா ஒண்ணு வாங்கிப் போட்டுடு. அப்புறம் அதை வித்துட்டுப் பெருசா மாத்திக்கலாம்."

கல்யாணப் பந்தியில், காலை நடைப்பயிற்சியில், ஆபீஸ் கேன்டீனில் இந்த அறிவுரையைக் கேட்காத இளைஞன் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. எங்களைப் போன்ற ரிடையர் ஆசாமிகளுக்கு இதே அறிவுரை வேறு உருவில் வரும். "இந்த வயசுல எதுக்கு ரெண்டாவது மாடி? வித்துட்டு லிஃப்ட் இருக்கிற ஃபிளாட்டா பார்த்து மாத்திக்கோங்க சார்." சொல்பவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். பழைய செல்போனைக் கொடுத்துவிட்டுப் புது செல்போன் வாங்குகிற மாதிரி, ஒரு வீட்டைக் கொடுத்துவிட்டு இன்னொரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்கிற நினைப்பு அவர்களுக்கு.

அது நடக்காது என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். அது இவ்வளவு கஷ்டமாக இருப்பதற்குப் பெரும் பங்கு காரணம் அரசாங்கம் என்பதையும் சொல்லப் போகிறேன். அரசியல் கட்சி எதையும் மனதில் வைத்து எழுதவில்லை. இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

முப்பத்தோரு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அதில் கடைசி ஒன்பது வருஷம் வீட்டுக் கடன் மேஜை. பத்திரங்களும் வில்லங்கச் சான்றிதழ்களும் என் கண் முன்னால் ஆயிரக்கணக்கில் போயிருக்கின்றன. அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மாடிப்படிக்குப் பயந்தவரின் கணக்கு

எழுபது வயது தாண்டிய ஒரு தம்பதி. நங்கநல்லூர் பக்கம் ரெண்டாவது மாடியில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். 1996இல் வாங்கியது, லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் வலி. அதே ஏரியாவில், அதே அளவில், லிஃப்ட் உள்ள, பத்து வருஷப் பழைய ஃபிளாட் ஒன்றுக்கு மாற வேண்டும். பழையது 70 லட்சத்துக்குப் போகிறது, புதிதாக வாங்குவது 85 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் நான் உதாரணத்துக்குப் போட்டவைதான். ஆனால் இப்படி ஒரு ஜோடியாவது உங்கள் தெருவில் இருப்பார்கள்.

வித்தியாசம் 15 லட்சம். "பிராவிடண்ட் ஃபண்ட் பணத்தில் போட்டுக்கலாம்" என்று அவர் கணக்குப் போடுகிறார். இப்போது மீதிச் செலவைப் பாருங்கள்.

வாங்கும் வீட்டுக்கு முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், 5,95,000. பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 1,70,000. இரண்டும் சேர்த்து 7,65,000.

விற்றதற்கு புரோக்கருக்கு ஒரு சதவீதம், 70,000. வாங்கியதற்கு ஒரு சதவீதம், 85,000. ஆக 1,55,000.

வக்கீல் லீகல் ஒப்பீனியன், வில்லங்கம் போட்டுப் பார்த்தது, பத்திரம் எழுதியது எல்லாம் 25,000.

விற்ற வீட்டைக் காலி செய்து கொடுத்தாகிவிட்டது, வாங்குகிற வீட்டில் பத்திரம் இன்னும் முடியவில்லை. நடுவில் ஐந்து மாதம் வாடகை வீடு. மாதம் 20,000 வீதம் ஒரு லட்சம். சாமான் இரண்டு தடவை ஏற்றி இறக்கியாகிறது, தடவைக்கு 30,000 வீதம் 60,000.

அசோசியேஷனுக்குப் பெயர் மாற்றக் கட்டணமும் கார்ப்பஸும் 25,000. மின் இணைப்பு, சொத்து வரி, தண்ணீர் வரி எல்லாவற்றிலும் பெயர் மாற்றம் அலைச்சலோடு 10,000.

பெயிண்ட், பாத்ரூமில் வழுக்காத டைல்ஸ், கிரில், ஒயரிங், அலமாரி என்று குறைத்துப் போட்டாலும் இரண்டரை லட்சம்.

கூட்டினால் 13,90,000 ரூபாய்.

வீட்டு விலையில் வித்தியாசம் 15 லட்சம். மாறுவதற்கு மட்டும் 14 லட்சம். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று நம் பாட்டிமார்கள் சொன்னது இதைத்தான். இந்தச் சுமைகூலியில் பாதிக்கு மேல், ஏழே முக்கால் லட்சத்துக்குக் கிட்ட, ஒரே ஒரு இடத்துக்குப் போகிறது. சார்பதிவாளர் அலுவலகம்.

அதோடு முடிந்ததா? இல்லை. இவருடைய பழைய ஃபிளாட்டை 70 லட்சத்துக்கு வாங்கியவரும் 9 சதவீதம் கட்டியிருக்கிறார், அது 6,30,000. இரண்டு குடும்பம் இரண்டு வீடு மாறியது. புதிதாக ஒரு செங்கல் வைக்கப்படவில்லை. அரசாங்கத்துக்குப் போனது 13,95,000 ரூபாய். வாங்குகிறவர் கட்டுவது வாங்குகிறவர் பாடு என்று விட்டுவிடாதீர்கள். அவர் கையில் மொத்தமே 76 லட்சம்தான் இருந்தால், ஆறு லட்சத்தைப் பதிவுக்கு ஒதுக்கிவிட்டுத்தான் உங்களிடம் விலை பேசுவார். அந்தச் செலவிலும் ஒரு பங்கு விற்பவர் தலையில்தான் விழுகிறது.

இளைஞனின் கணக்கு

கிழவர்களுக்குத்தானே இந்தக் கஷ்டம், இளைஞர்களுக்கு விலையேற்றம் கை கொடுக்குமே என்பீர்கள். அதையும் பார்த்துவிடலாம்.

ஒரு பையன் 50 லட்சத்துக்குப் பழைய ஃபிளாட் வாங்குகிறான். பதிவும் புரோக்கரும் 10 சதவீதம், ஐந்து லட்சம். ஐந்து வருஷம் கழித்துக் குழந்தை பிறந்து, இடம் போதாமல் விற்கிறான். விலை 20 சதவீதம் ஏறி 60 லட்சம். "பத்து லட்சம் லாபம்" என்று வீட்டில் பாயசம் வைக்கிறார்கள்.

அவன் வாங்க நினைக்கும் மூன்று பெட்ரூம் ஃபிளாட் ஐந்து வருஷம் முன்னால் 75 லட்சம். அதுவும் அதே 20 சதவீதம் ஏறி இன்று 90 லட்சம். அன்றைக்கு இரண்டு வீட்டுக்கும் வித்தியாசம் 25 லட்சம். இன்றைக்கு 30 லட்சம். விலை ஏறியதால் அவன் பெரிய வீட்டுக்குக் கிட்டே போகவில்லை, ஐந்து லட்சம் தள்ளிப் போயிருக்கிறான்.

செலவு? வாங்கியபோது ஐந்து லட்சம். விற்றபோது புரோக்கருக்கு 60,000. இப்போது 90 லட்சத்துக்குப் பதிவும் புரோக்கரும் ஒன்பது லட்சம். மொத்தம் 14,60,000. லாபம் என்று பாயசம் வைத்தது பத்து லட்சத்துக்கு!

கடனிலும் ஒரு பாடம் உண்டு. 40 லட்சம் கடன், 20 வருஷம், எட்டரை சதவீத வட்டி என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 34,700 ரூபாய். ஐந்து வருஷத்தில் அவன் கட்டியது 20 லட்சத்து 80 ஆயிரம். அதில் அசலில் கழிந்தது வெறும் நாலே முக்கால் லட்சம். மற்றதெல்லாம் வட்டி. ஆரம்ப வருஷங்களில் வட்டிதான் முன்னால் நிற்கும். அந்தக் கட்டத்திலேயே வீட்டை விற்றுவிட்டு, புதுக் கடன் எடுத்து, மறுபடி முதல் வருஷத்திலிருந்து ஆரம்பித்தால், வட்டி அதிகம் போகும் வருஷங்களையே திரும்பத் திரும்ப வாழ்கிறான் என்று அர்த்தம்.

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்றார்கள் பெரியவர்கள். வீட்டை மாற்றிப் பார் என்று சேர்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் யாரும் மாற்றவில்லை.

ஒன்பது சதவீதம் வந்த கதை

2017 ஜூனுக்கு முன்னால் முத்திரைத்தாள் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 1, ஆக 8 சதவீதம். அந்த ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள், பதிவுக் கட்டணத்தை 4 சதவீதம் ஆக்கினார்கள். மொத்தம் 11. 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பைப் பழைய நிலைக்கு ஏற்றினார்கள், பதிவுக் கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள். மொத்தம் 9. இரண்டு தடவையும் மக்களுக்குச் சலுகை என்றுதான் சொல்லப்பட்டது.

ஒரு மனை. வழிகாட்டி மதிப்பு 60 லட்சம், நிஜ விலை 80 லட்சம். வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டு, மீதி 20 லட்சத்தைக் கைமாற்றியவர் முதலில் கட்டியிருக்கக் கூடியது 4,80,000. 2017இல் வழிகாட்டி மதிப்பு 40 லட்சத்துக்கு இறங்கியதும் அதில் 11 சதவீதம், 4,40,000. அவருக்கு லாபம். 2023இல் 60 லட்சத்தில் 9 சதவீதம், 5,40,000.

வங்கிக் கடன் வாங்கி, முழுத் தொகையையும் காசோலையில் கொடுத்து, 80 லட்சத்தையும் பத்திரத்தில் எழுதிய யோக்கியரைப் பாருங்கள். முதலில் 6,40,000. 2017இல் 8,80,000. 2023இல் 7,20,000. ஆறு வருஷம் நேர்மைக்கு அபராதம் கட்டினார் அவர். இன்றும் மற்றவரைவிட 1,80,000 அதிகம் கட்டுகிறார்.

கறுப்புப் பணத்தை ஒழிப்போம் என்று பேசுகிற நாட்டில், உண்மை விலையை எழுதினால் இவ்வளவு, எழுதாவிட்டால் அவ்வளவு என்று இரண்டு விலைச் சீட்டு மாட்டி வைத்தால் ஜனங்கள் எதை எடுப்பார்கள்? ஒரு தடவை விற்றவர் கையில் ரொக்கம் சேர்ந்துவிட்டால், அடுத்து வாங்கும் வீட்டிலும் அந்த ரொக்கத்தைத்தான் தள்ளப் பார்ப்பார். சங்கிலி அப்படியே நீளும். வரி விகிதம் ஏற ஏற அந்தச் சங்கிலிக்கு எண்ணெய் போட்ட மாதிரி ஆகிறது.

டெல்லிக்குத் தெரிந்தது சென்னைக்குத் தெரியவில்லை

வருமான வரிச் சட்டத்தில் 54ஆம் பிரிவு என்று நமக்கெல்லாம் பழகிய ஒரு விதி உண்டு. இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த குடியிருப்பு வீட்டை விற்று, அந்த லாபத்தில் விற்பதற்கு ஒரு வருஷம் முன்போ, விற்ற இரண்டு வருஷத்துக்குள்ளோ வேறு வீடு வாங்கினால், அல்லது மூன்று வருஷத்துக்குள் கட்டினால், லாபத்துக்கு வரி இல்லை. உச்சவரம்பு பத்து கோடி, நம் போன்றவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இந்த விலக்கின் பின்னால் உள்ள நியாயம் எளிது. ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போகிறவன் பணக்காரன் ஆகிவிடவில்லை. அவனுக்கு முன்பும் ஒரு வீடு, பின்பும் ஒரு வீடு. ஏறியது காகிதத்தில் உள்ள எண் மட்டும்தான்.

நம் நங்கநல்லூர்க்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2001 ஏப்ரல் மதிப்பு ஏழு லட்சம் என்று வைத்தால், 70 லட்சத்தில் அவருக்கு 63 லட்சம் லாபம். 2024 ஜூலைக்குப் பிந்தைய பன்னிரண்டரை சதவீதக் கணக்கில் வரி 7,87,500 ரூபாய். வேறு வீடு வாங்குவதால் மத்திய அரசு அதை முழுதாக விட்டுக்கொடுக்கிறது. "போங்க, நல்லா இருங்க" என்கிறது.

அந்த வாசலைத் தாண்டினால் மாநில அரசு நிற்கிறது, 7,65,000 ரூபாய்க்குச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு. அங்கே விட்டது இங்கே போகிறது, கிட்டத்தட்ட ஒரே தொகை! ஒரே மனிதர், ஒரே வீடு மாற்றம். ஒரு அரசு இது லாபம் இல்லை என்கிறது. இன்னொரு அரசு, முதல் வீடு வாங்குபவர், பத்தாவது வீடு வாங்குபவர், வீடு மாற்றுபவர் மூவரும் எனக்கு ஒன்றே என்கிறது.

யாருக்குச் சலுகை?

சலுகையே தெரியாத அரசாங்கமா என்றால் அதுவும் இல்லை.

2023 டிசம்பரிலிருந்து பில்டரிடம் நேரடியாக, முதல் விற்பனையாக வாங்கும் ஃபிளாட்டுக்கு 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை 7 சதவீதம்தான். அதே 85 லட்சத்துக்கு நம்மவர் புத்தம் புது ஃபிளாட் வாங்கியிருந்தால் 5,95,000 ரூபாயில் முடிந்திருக்கும். பழைய ஃபிளாட் வாங்கியதால் 1,70,000 அதிகம். கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் என்றால் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கட்டி முடித்து, முடிவுச் சான்றிதழ் பெற்ற ஃபிளாட்டுக்கு அதுவும் இல்லை. பழைய வீட்டை வாங்கிப் பழுது பார்த்து வாழ்கிறவனுக்கு அதிக வரி, புதிதாக சிமெண்டும் மணலும் கொட்டுபவருக்குக் குறைந்த வரி. இது எந்த ஊர் நியாயம்?

2025 ஏப்ரலிலிருந்து பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் தள்ளுபடி. கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் சொத்து மதிப்பு பத்து லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சென்னையில் பத்து லட்சத்துக்குக் கார் நிறுத்த இடம் வாங்கலாம், வீடு வாங்க முடியுமா?

இன்னொன்று. அப்பா தன் வீட்டை மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தால் முத்திரைத்தாள் கட்டணத்துக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. வீடு ஐந்து கோடி பெறுமானம் என்றாலும் சில பத்தாயிரம் ரூபாயில் வேலை முடிந்துவிடும். குடும்பத்துக்குள் சொத்து கைமாறுவது எளிதாக இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஐந்து கோடி வீட்டைச் சும்மா வாங்கும் மகனுக்கு உச்சவரம்பு, முழங்கால் வலிக்காக லிஃப்ட் தேடும் கிழவிக்கு வரம்பே இல்லை என்றால், யோசிக்க வேண்டாமா?

இதனால் என்ன நடக்கிறது

மாறவேண்டியவர்கள் மாறுவதில்லை. அவ்வளவுதான். சென்னையின் பழைய மூன்று மாடிக் கட்டடங்களைப் பாருங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இளமையில் வாங்கிய மாடி வீட்டில் முதுமையில் சிறை இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் போக மட்டும் கீழே இறங்குகிறவர்கள் எத்தனை பேர்! கயிறு கட்டிக் கூடையில் காய்கறி ஏற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேலை சிறுசேரிக்கு மாறினாலும் அம்பத்தூரில் வீடு வாங்கியவன் அங்கேயே இருந்து தினம் மூன்று மணி நேரம் சாலையில் கழிக்கிறான். மூன்று பெட்ரூம் வீட்டில் தனியாக ஒரு பாட்டி, ஒரு பெட்ரூம் வீட்டில் இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பம். இருவரும் மாற்றிக்கொண்டால் இருவருக்கும் நல்லது. நடுவில் நிற்பது அந்த ஒன்பது சதவீதம்.

இன்னும் சிலர் குறுக்கு வழிக்குப் போகிறார்கள். கிரயம் செய்யாமல் பவர் எழுதி வாங்குவது, பதிவு செய்யாத ஒப்பந்தத்தில் காலத்தை ஓட்டுவது. பவர் கொடுத்தவர் காலமானால் பவரும் பொதுவாக அவரோடு போய்விடும். அப்புறம் வாரிசுகள் பின்னால் அலைய வேண்டியதுதான். வீட்டுக் கடன் மேஜையில் நான் திருப்பி அனுப்பிய ஃபைல்களில் பல இந்த ரகம்.

சொல்லப்படும் பதில்கள்

"அரசாங்கத்துக்கு வருமானம் வேண்டாமா?" வேண்டும். 2017இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலங்கள் தாமாக விகிதம் வைத்துக்கொள்ளக் கூடிய வரிகள் கொஞ்சம்தான். பெட்ரோல், மது, வண்டி, பத்திரப் பதிவு. அதிலும் முத்திரைத்தாள் கட்டணத்தில் 2 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போகிறது. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் வருமானம் யாரிடமிருந்து என்பதுதான் கேள்வி. பூட்டிப் போட்ட நாலு ஃபிளாட்டோடு இருபது வருஷம் அசையாமல் உட்கார்ந்திருப்பவர் இந்தக் கணக்கில் ஒரு பைசா கட்டுவதில்லை. இருக்கிற ஒரே வீட்டை மாற்றுகிறவர் ஏழரை லட்சம் கட்டுகிறார். சொத்து வைத்திருப்பதற்கு வருஷா வருஷம் கொஞ்சம் வாங்குங்கள், பூட்டிய வீட்டுக்குக் கூடவே வாங்குங்கள். நகர்வதற்கு ஏன் வாங்குகிறீர்கள்?

"சொத்து வரியை ஏற்றினால் ஓட்டுப் போகுமே?" அதுதான் உண்மைக் காரணம். 2022இல் சொத்து வரியை ஏற்றியபோது என்ன கூச்சல் எழுந்தது என்று நமக்கு நினைவிருக்கிறது. சொத்து வரி எல்லோரையும் ஒரே நாளில் தொடும். பத்திரச் செலவு ஆயுளில் ஓரிரு தடவை, தனித்தனியாக ஆளைப் பிடிக்கும். தனியாளின் அலறல் கோட்டை வரை கேட்காது.

"வீடு விற்றால் கோடி கோடியாக வருதே, கட்டட்டுமே?" கோடி வந்தது கணக்கில். அடுத்த வீடும் கோடிதான். வீட்டை விற்றுக் கையில் காசோடு ஒதுங்குகிறவனிடம் வரி கேளுங்கள், அதை ஏற்கெனவே மத்திய அரசு கேட்கிறது. விற்ற கையோடு வாங்குகிறவனிடம் கேட்பது வேறு.

வேறு இடங்களில்

ஆஸ்திரேலியாவில் கான்பெரா இருக்கும் தலைநகரப் பிரதேசம் 2012இல் ஒரு திட்டம் போட்டது. வீடு வாங்கும்போது கட்டும் முத்திரை வரியை இருபது வருஷத்தில் படிப்படியாக எடுத்துவிட்டு, அந்த வருமானத்தை வருடாந்திர நில வரியில் எடுப்பது என்று.

சிங்கப்பூரில் அடிப்படை முத்திரை வரி எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் கூடுதல் வரி, குடிமக்களுக்கு முதல் வீட்டுக்குக் கிடையாது, இரண்டாவது வீட்டுக்கு 20 சதவீதம். இரண்டாவதாக வாங்கிய தம்பதி ஆறு மாதத்துக்குள் முதல் வீட்டை விற்றுவிட்டால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அந்தக் கூடுதல் வரி திரும்பக் கிடைக்கும். இங்கிலாந்திலும் இதே போல்தான். இன்னொரு வீடு சேர்ப்பவருக்குக் கூடுதல் விகிதம், குடியிருக்கும் வீட்டை மாற்றுபவருக்கு அது இல்லை. சேர்ப்பவன் வேறு, மாற்றுபவன் வேறு என்று சட்டமே பிரித்துப் பார்க்கிறது.

வெளிநாட்டை விடுங்கள். 2005இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தில் மத்தியப் பணம் வாங்கும் மாநிலங்கள் முத்திரைத்தாள் கட்டணத்தை 5 சதவீதத்துக்கு மேல் போகாமல் கொண்டுவர வேண்டும் என்பது ஒரு சீர்திருத்த நிபந்தனை. 2024 ஜூலை பட்ஜெட்டிலும் அதிகக் கட்டணம் வசூலிக்கும் மாநிலங்கள் அதைக் குறைக்க ஊக்குவிப்போம் என்று நிதி அமைச்சர் வாசித்தார். வாசித்தது வாசித்தபடி இருக்கிறது.

நான் கேட்பது

ஒன்று. ஒரே குடியிருப்பு வீட்டை விற்று இரண்டு வருஷத்துக்குள் இன்னொன்று வாங்குபவருக்கு, இரண்டு வீட்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்துக்கு மட்டும் 9 சதவீதம் வாங்குங்கள். நம் தம்பதி 15 லட்சத்துக்கு 1,35,000 கட்டுவார்கள். விற்றது ஒரே வீடுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பீர்கள். கிரயப் பத்திரத்தில் பான் எண் இருக்கிறது. 50 லட்சமும் அதற்கு மேலும் போனால் ஒரு சதவீதம் டி.டி.எஸ். பிடித்து வருமான வரித்துறைக்குக் கணக்குப் போகிறது. இத்தனை கணினி வைத்துக்கொண்டு இது முடியாது என்றால் நம்ப நான் தயாரில்லை.

இரண்டு. அறுபது வயது தாண்டியவர் வீடு மாற்றினால், செட்டில்மெண்டுக்கு இருப்பது போல ஒரு உச்சவரம்பு வையுங்கள்.

மூன்று. பழைய ஃபிளாட்டுக்கும் புது ஃபிளாட்டுக்கும் ஒரே விகிதம்.

இதெல்லாம் வரும்வரை என் இளைய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 'சின்னதா வாங்கி அப்புறம் மாத்திக்கலாம்' என்று யாராவது சொன்னால், மாற்றுகிற செலவை அவரிடம் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஏழெட்டு வருஷமாவது அந்த ஊரில், அந்த வீட்டில் இருப்போமா என்று தெரியாவிட்டால் வாடகைக்கு இருங்கள். அவமானம் ஒன்றும் இல்லை. வாங்கினால், குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடம் இருக்கும்படி, லிஃப்ட் இருக்கும்படி ஒரே தடவையில் வாங்குங்கள், ரெண்டு வருஷம் தாமதமானாலும் பரவாயில்லை.

என் வயதுக்காரர்களுக்கு: மாற வேண்டும் என்று முடிவு செய்தால் எழுபத்தைந்து வரை காத்திருக்காதீர்கள். விற்பதற்கு முன் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கம் மூன்றையும் எடுத்து வையுங்கள், நடுவில் வாடகை வீட்டில் உட்காரும் மாதங்கள் குறையும். விற்ற பணம் வருமான வரித் தாக்கலின் கெடு தேதிக்குள் வீடாக மாறாது என்று தெரிந்தால், அதை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட மறக்காதீர்கள். சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே கிடந்தால் விலக்குக்கு ஆபத்து.

அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு உங்கள் வாசலில் நிற்பார்கள். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுங்கள். பிறகு கேளுங்கள்: "தம்பி, இந்தப் படி ஏறாத வீட்டுக்கு நான் போகணும்னா உங்க ஆட்சிக்கு எவ்வளவு கட்டணும்?"